நன்னிலத்துப் பிள்ளைக்கு வாய்ப்பு குறைவுதானா?

திருவாரூர் மாவட்டம் நன்னிலம் பக்கம் இருக்கும் உங்கள் அக்காவின் நாலு வயது மகனுக்கு ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள் என்றும், அங்கேயே வெள்ளையர் அல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இறங்கிவிடுகிறது என்றும் படித்துவிட்டு, இது ரத்தத்தில் உள்ள வித்தியாசமா, வசதியில் உள்ள வித்தியாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "நாங்க கூலி வேலைக்குப் போற குடும்பம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று தோன்றுகிறது: நாங்கள் இன்னார், இன்ன ஊர், இவ்வளவுதான் வசதி, அதனாலேயே எங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு குறைவு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறதா?

நான் குழந்தை மருத்துவர். சென்னையில் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பயிற்சி பெற்றவன், பல வருடமாகக் கும்பகோணத்தில் பார்க்கிறேன். சென்னை, புதுச்சேரி, வேலூர் என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் கீமோ எடுக்கும் பிள்ளைகள் இடைப்பட்ட நாட்களில் கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்க்கவும், காய்ச்சல் வந்தால் காட்டவும் என்னிடம் வருவார்கள். அதனால் இந்த நோயின் ஆஸ்பத்திரிப் பக்கத்தைவிட வீட்டுப் பக்கத்தை அதிகம் பார்த்தவன். உங்கள் பிள்ளையின் ஃபைலை நான் பார்க்கவில்லை. அதனால் அவனைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. பொதுவாகச் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன். சுருக்கமான பதில் வேண்டுமானால்: ரத்தத்திலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் அதற்கு மருந்து உண்டு. பெரிய இடைவெளி வீட்டிலும் வழியிலும்தான் விழுகிறது. அதில் பாதிக்கு மேல் குடும்பமும் ஊரும் சேர்ந்தால் அடைத்துவிடலாம் என்பது என் கணிப்பு.

முதலில் அந்தத் தொண்ணூறு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1950களில் இந்த நோய் வந்த பிள்ளை பிழைப்பது மிக மிக அரிது, மாதக்கணக்கில்தான் ஆயுள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1962-இல் தொடங்கிய செயின்ட் ஜூட் மருத்துவமனை, இருந்த மருந்துகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மூளை, தண்டுவட நீரில் ஒளிந்திருக்கும் நோய்க்கும் தனியாகச் சிகிச்சை சேர்த்து, வருடக்கணக்கில் விடாமல் கொடுத்துப் பார்த்தது. 1960களின் கடைசியில் பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு ஏறிய கணக்கிலும் பெரும்பகுதி புது மருந்தால் வந்ததில்லை. பழைய மருந்துகளை எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, எப்போது என்று தெரிந்து கொடுத்ததால் வந்தது. இது நமக்கு நல்ல செய்தி. வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின் ஆகிய இந்த அடிப்படை மருந்துகள் எல்லாமே இங்கே கிடைக்கின்றன. வின்கிரிஸ்டின் எடுக்கும் செடி நம் ஊரில் வாசலிலும் சுடுகாட்டிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிதான். (அதைக் கஷாயம் வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மருந்தாகப் பிரித்தெடுத்தது வேறு, இலையைக் கொதிக்கவைத்தது விஷம். யாராவது சொல்வார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.) மெத்தோட்ரெக்ஸேட்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆக, மருந்து எட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

இந்தியாவில் 1980களின் தொடக்கம் வரை இந்த நோயில் ஐந்தில் ஒரு பிள்ளை பிழைத்தால் அதிகம். 1984 வாக்கில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி.841 என்று ஒரே சிகிச்சை முறையை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா புற்றுநோய் மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அப்படியும் 1990 முதல் 2001 வரை சென்னை நகரப் பதிவேட்டில் இருந்த குழந்தைப் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து வருடம் தாண்டியவர்கள் சுமார் 40%தான். இன்று நம் பெரிய மையங்கள் ஏ.எல்.எல்.லுக்கு வெளியிடும் கணக்குகள் பெரும்பாலும் 60-க்கும் 80-க்கும் இடையில் இருக்கின்றன. இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. சில கணக்குகளில் பாதியில் நின்றவர்களை ஒதுக்கிவிடுவார்கள். ஊர்க் கணக்கு அதைவிடக் கீழேதான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் குழந்தைப் புற்றுநோய்க்கென ஒரு திட்டம் தொடங்கியபோது சொன்ன கணக்கும் இதே கதைதான்: வசதியான நாடுகளில் 80%-க்கு மேல் பிழைக்கிறார்கள், வசதியற்ற நாடுகள் பலவற்றில் 30%-ஐத் தொடுவதே கஷ்டம்.

இப்போது நீங்கள் படித்த இன வித்தியாசம். அது உண்மை. அமெரிக்காவில் சுமார் 25,000 ஏ.எல்.எல். பிள்ளைகளை வைத்து 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், நோய் திரும்பாமல் ஐந்து வருடம் கடந்தவர்கள் வெள்ளையரில் ஏறத்தாழ 87%, கறுப்பினத்தவரில் 82%, தென்னமெரிக்க, மெக்சிகோ வழிவந்த ஹிஸ்பானியரில் 83%. ஆசிய வழிவந்தவர்களோ 88%. நீங்கள் பயந்ததற்கு நேர் எதிரான எண் அது. "ஆசியர்" என்ற ஒரே பெட்டியில் சீனரும் கொரியரும் பிலிப்பைன்ஸ்காரரும் நம்மவரும் அடங்குவதால் அதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. அமெரிக்கா போன இந்தியக் குடும்பம் பெரும்பாலும் படித்த, காப்பீடு உள்ள குடும்பம் என்பதும் உண்டு. ஆனாலும் 'வெள்ளைத் தோல் இல்லையென்றால் பிழைப்பு குறைவு' என்ற முடிவுக்கு அந்த எண் இடம் கொடுக்கவில்லை.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏன் குறைந்தது? இதற்கு என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு 2003-இல் அதே செயின்ட் ஜூட்டிலிருந்து வந்தது. அங்கே யாரிடமும் பணம் வாங்குவதில்லை. கறுப்பினப் பிள்ளைக்கும் வெள்ளைப் பிள்ளைக்கும் ஒரே சிகிச்சை. புதிய சிகிச்சைக் காலத்தில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைத்தார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இடைவெளி, அந்த ஒரு கட்டடத்துக்குள் எடுத்துக்கொண்டால் இல்லை. 2018-இல், 31,000-க்கும் மேற்பட்ட குழந்தைப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை வைத்து இன்னொரு குழு கணக்குப் போட்டது. ஏ.எல்.எல்.லில் கறுப்பின, வெள்ளையின இடைவெளியில் சுமார் 44% குடும்பம் வாழும் பகுதியின் பொருளாதார நிலையால் விளக்கக்கூடியது என்று வந்தது. மீதியைப் பணம் என்று மட்டும் சொல்ல முடியாது.

அந்த மீதியில் மரபணுவுக்கும் இடம் உண்டு. 2011-இல் வந்த ஆய்வில், அமெரிக்கப் பழங்குடி மரபு அதிகம் கலந்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. கூடவே, அவர்களுக்கு இன்னொரு கட்டக் கீமோவைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து காணாமல் போனது. மரபணு விதி என்றால் மாற்ற முடியாதது என்று நினைக்கிறோம். இந்த நோயில் அது பெரும்பாலும் "இவனுக்கு இன்னும் கொஞ்சம் கொடு" அல்லது "இவனுக்குக் குறைத்துக் கொடு" என்று மருத்துவருக்குச் சொல்லும் குறிப்பாகத்தான் இருக்கிறது. குறைத்துக் கொடு என்பதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. என்.யு.டி.டி.15 என்ற மரபணுவின் ஒரு வகை ஐரோப்பியரைவிடக் கிழக்காசியரிடமும் இந்தியரிடமும் அதிகம். அது உள்ள பிள்ளைக்கு மெர்காப்டோபியூரின் வழக்கமான அளவில் கொடுத்தால் கவுன்ட் தடதடவென்று விழுந்து, கிருமி தொற்றிவிடும். உங்கள் பிள்ளைக்கு அந்த மாத்திரை தொடங்கிய பிறகு கவுன்ட் திரும்பத் திரும்ப அளவுக்கு மீறி இறங்கினால், இந்தப் பரிசோதனை தேவையா என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் நினைப்பது இனிமேல் சொல்லப்போவது. இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச மருத்துவம். காப்பீடு இல்லை, பில் இல்லை. அங்கே ஏ.எல்.எல். பிள்ளைகளைப் பற்றி 2012-இல் வந்த ஆய்வு ஒன்று, ஏழைப் பகுதிப் பிள்ளைகளும் வசதியான பகுதிப் பிள்ளைகளும் முதல் ஆறு, ஒன்பது மாதம் வரை ஒன்றாகத்தான் போகிறார்கள் என்று காட்டியது. கோடுகள் பிரியத் தொடங்குவது அதற்குப் பிறகு. அதாவது சிகிச்சை ஆஸ்பத்திரி வார்டைவிட்டு வீட்டு அலமாரிக்கு வரும்போது. அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா என்ற நம் ஊர் வழிவந்த மருத்துவரின் குழு, மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, மூடி எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்று மாதக்கணக்கில் பதிவுசெய்தது. சாப்பிட வேண்டிய மெர்காப்டோபியூரினில் 95%-க்குக் கீழே எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே 95-க்குக் கீழே வந்துவிடும். நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்: மாத்திரையைச் சரியாக எடுத்தவர்களுக்குள்ளும் ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்கு நோய் திரும்புவது கூடுதலாகவே இருந்தது. மரபணு முழுவதும் ஒதுங்கிவிடவில்லை.

ஏன் இந்த மாத்திரைக்கு இவ்வளவு மதிப்பு? நோய் தெரியவரும்போது பிள்ளையின் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கும். முதல் மாதக் கீமோவுக்குப் பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. பிள்ளை எழுந்து ஓடுவான். ஆனால் அந்த நிலையிலும் பல கோடி அணுக்கள் உள்ளே இருக்கலாம். உழுது பரம்படித்த வயலில் கோரைக்கிழங்கு கண்ணில் படுவதில்லை. விட்டால் அடுத்த தண்ணீருக்கு முளைத்துவிடும், அப்படித்தான் இதுவும். அதனால்தான் மெயின்டெனன்ஸ் என்று சுமார் இரண்டு வருடம் தினமும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் இன்னொன்று, நுரையீரல் தொற்று வராமல் இருக்க வாரத்தில் சில நாள் மட்டும் வேறொன்று என்று ஓடுகிறது.

காவிரிப் படுகையில் இந்த இரண்டு வருடம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குறுவை, சம்பா நடவுக்கு அம்மா போயாக வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பிள்ளை ஆயாவிடம். ஆயாவுக்கு மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை என்றுதான் அடையாளம். கடையில் இந்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நிறம் மாறிவிடும். அளவு ஒன்றரை மாத்திரை என்றோ, ஒரு நாள் ஒன்று மறுநாள் அரை என்றோ எழுதியிருப்பார்கள். அரையை உடைத்தால் தூளாகிவிடும். அப்பா திருப்பூரிலோ கேரளாவிலோ. குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டிய நாளும், மருந்து வாங்கக் கும்பகோணம் போகவேண்டிய நாளும் ஒன்றாக வந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தவணைக்காரர் வாசலில் வந்து உட்காருவார், புற்றணு வந்து உட்காராது. இதற்கெல்லாம் மேலே, பிள்ளை நன்றாக இருக்கிறான். முடி வளர்ந்துவிட்டது, அங்கன்வாடிக்குப் போகிறான், "இன்னும் எதுக்கு விஷ மாத்திரை" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. அக்கறையில்லாத அம்மாவை நான் அதிகம் பார்த்ததில்லை. நாள் கூலியில் ஓடும் வீட்டில் இரண்டு வருட ஒழுங்கைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) புரிவதில்லை.

நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மாத்திரை கொடுப்பது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும். நேரம் இரவாக இருக்கட்டும், ஏனென்றால் கூலிக்குப் போகும் வீட்டில் காலை யாருக்கும் சொந்தமில்லை. தினசரிக் காலண்டரில் கொடுத்ததும் ஒரு கோடு. வாரம் ஒரு தரம் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குக் கிழமை ஒன்றைக் குறித்து, அதைத் தனி டப்பாவில் பூட்டிவையுங்கள். அதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வந்தது, பள்ளியில் விழா, ஊரில் காப்புக் கட்டு என்று ஒரு நாள் விட்டுப்போனால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கவுன்ட்டைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் வெள்ளணு கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் கவுன்ட் ஜம்மென்று இருந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள், எனக்குச் சந்தேகம்தான் வரும்: மாத்திரை போகவில்லை, அல்லது அளவு போதவில்லை. மறைத்தால் போகாத மாத்திரைக்கு நான் அளவைக் கூட்டிவிடுவேன்.

வசதியான நாட்டுக்கும் நமக்கும் உள்ள இன்னொரு இடைவெளி காய்ச்சல். அங்கே கீமோவின் பக்கவிளைவால் சாகும் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்; நம் நாட்டில் அது பல மடங்கு, பெரும்பாலும் கிருமித்தொற்றால். வெள்ளணு குறைந்திருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கே நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் அடித்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்றுதான் தோன்றும். விடியும்போது பிள்ளை கை கால் சில்லிட்டுக் கிடப்பான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ரோடு முழுக்க மரம் விழுந்து, ஊர்கள் நாள்கணக்கில் கரண்டில்லாமல் துண்டாகிக் கிடந்தன. அந்த வாரம் கீமோ முடித்து வெள்ளணு இல்லாத பிள்ளை ஒன்று அங்கே இருந்திருந்தால் அதன் கதி என்ன என்று எந்த மரபணு ஆய்வும் சொல்லாது. ஆகவே சிகிச்சை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள்: பிள்ளைக்கு என்ன நோய், எந்தக் கட்டம், காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை உடனே ஏற்ற வேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். முதல் ஊசி திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் போட்டாலும் சென்னையில் போட்டாலும் ஒன்றுதான். காய்ச்சலோடு பஸ் ஏறிச் சென்னைக்குப் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெலிந்த பிள்ளை கீமோவைத் தாங்குவது கஷ்டம், மருந்தை அடிக்கடி நிறுத்தவேண்டிவரும். நம் வீடுகளில் நோய் என்றதும் பத்தியம் ஆரம்பித்துவிடும். முட்டை சூடு, மீன் கூடாது, தயிர் கூடாது. நன்றாக வெந்த முட்டை, மீன், பருப்பு எல்லாம் கொடுங்கள். ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் பிள்ளை நடுராத்திரி எழுந்து சோறு கேட்பான், திட்டாதீர்கள், அது மருந்து கேட்பது.

சாதியைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் நம் ஊரில் இனம் என்று கேட்டால் அடுத்த கேள்வி அதுதான். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் 34% தாழ்த்தப்பட்ட சாதியினர். மாநில அளவில் அது 20%. நிலமில்லாத விவசாயக் கூலிகளில் பெரும்பாலானோர் அவர்களே. அமெரிக்கா இனவாரியாகக் கணக்கெடுத்து வெளியிடுவதால்தான் அங்குள்ள இடைவெளி நமக்கே தெரிகிறது. நம் புற்றுநோய்ப் பதிவேடுகள் பிழைப்புக் கணக்கைச் சாதிவாரியாக வெளியிடுவதில்லை. எண் இல்லாத இடத்தில் நான் எண் சொல்ல மாட்டேன். ஆனால் சாதிக்கென்று தனி மரபணு ஆபத்து ஏ.எல்.எல்.லில் இருப்பதாக எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை. நிலம், ரொக்கம், ரோடு, ஆஸ்பத்திரியில் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பது, அதனால் மறுபடி அங்கே போகத் தோன்றுகிறதா என்பது: இந்த வழிகளில் சாதி பிள்ளையின் உடம்புவரை போகிறது என்பது என் அனுபவ முடிவு. ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எண் இருக்கிறது. டெல்லி, மும்பை, சென்னை மையங்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், சிகிச்சைக்கு வந்துசேரும் பிள்ளைகளில் ஆண்கள் இயல்பைவிட அதிகம் என்றும், தெற்கைவிட வடக்கில் அது மோசம் என்றும் தெரிந்தது. நாம் தேவலாம்தான், ஆனால் முழு யோக்கியர்கள் இல்லை.

தாமதமாகக் கண்டுபிடிப்பதால் வரும் இடைவெளி உங்கள் விஷயத்தில் கடந்துபோனது. மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் மட்டும் சொல்கிறேன். கண்மணியில் வெள்ளையாகத் தெரியும் விழித்திரைப் புற்றுநோயைப் பற்றி 153 நாடுகளில் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. வசதியான நாடுகளில் சராசரியாகப் பிள்ளைக்குப் பதினாலு மாதம் ஆகும்போதே கண்டுபிடிக்கிறார்கள், ஏழை நாடுகளில் முப்பது மாதம் ஆகும்போது. அதற்குள் ஏழை நாட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோய் கண்ணைத் தாண்டிவிட்டிருந்தது. வசதியான நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பிள்ளையின் கண் போட்டோவில் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னினால் அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் வீங்கி ராத்திரியில் வலித்தால் (எலும்புப் புற்றாகவும் இருக்கலாம்), எண்ணெய் போட்டு உருவிவிடாமல் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

கடைசியாகப் பணம். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு) வருடத்துக்கு 5 லட்சம் வரை பார்க்கலாம், இந்த நோயின் கீமோ அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக் கலெக்டர் ஆபீஸில் எடுக்கும் வேலையை நீங்கள், தாய்மாமன் முறையில், இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், அக்காவை அலையவிடாதீர்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, கூட வருபவருக்கு 75% குறைப்பு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அட்டை தராதவை வேறு: தங்கும் இடம், சாப்பாடு, போன கூலி, வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை. பாதியில் நின்றுபோகும் குடும்பங்கள் பெரும்பாலும் கீமோ பில்லால் நிற்பதில்லை, இவற்றால்தான் நிற்கின்றன. மும்பை டாடாவில் 2009-இல் ஐந்தில் ஒரு பிள்ளை சிகிச்சையை மறுத்தோ பாதியில் விட்டோ போனது. தங்குமிடம், உணவு, பணம், வராத குடும்பத்துக்குப் போன் போட்டுக் கேட்க ஆள் என்று ஏற்பாடு செய்த பிறகு சில வருடங்களில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்தது. மருந்து மாறவில்லை, நாடும் மாறவில்லை. அதனால் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதல் வாரமே அங்கே சமூகப் பணியாளர் யார், தங்க எங்கே இடம் என்று கேளுங்கள்.

எங்கே பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அடையாறு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் எல்லாமே இந்த நோயைப் பல வருடம் பார்த்த இடங்கள். நன்னிலத்திலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தில் பாதிதான் புதுச்சேரிக்கு; இரண்டரை வருடம் போய்வர வேண்டிய பயணத்தில் அது சின்ன விஷயமில்லை. ஒரு இடத்தில் தொடங்கிவிட்டால் மாற்றாதீர்கள். "கேரளாவில் ஒரு வைத்தியர்" என்று யாராவது போன் நம்பர் கொடுப்பார்கள், வாங்கிவைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.

தொண்ணூறு, எழுபது, நாற்பது எல்லாம் கூட்டத்தின் எண்கள். உங்கள் பிள்ளையின் எண் இன்னும் வரவில்லை. முதல் கட்டக் கீமோ முடிந்ததும், ஏறக்குறைய ஒரு மாதத்தில், எலும்பு மஜ்ஜையிலிருந்து எம்.ஆர்.டி. என்று ஒரு பரிசோதனை எடுப்பார்கள். பத்தாயிரம் அணுவில் ஒன்று புற்றணுவாக இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். நோய் கண்டபோது இருந்த வெள்ளணு எண்ணிக்கை, குரோமோசோம் ரிப்போர்ட், இந்த எம்.ஆர்.டி. மூன்றையும் வைத்துத்தான் பிள்ளை எந்த ஆபத்துப் பிரிவில் வருகிறான் என்று முடிவுசெய்வார்கள். அவை வந்ததும், பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் மறைத்துவிட்டு, இங்கேயே எழுதுங்கள். இன்றைக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் திட்டமாகச் சொல்ல முடியும்.